சிவப்பு நகப்பூச்சு வைத்த தோட்டாக்கள்

யாக் பள்ளத்தாக்கு, மொன்டானா
1983 நவம்பர் 6, ஞாயிறு

அன்பு மகள் ரோண்டாவுக்கு அப்பா எழுதுவது. நலம் கேட்பதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், அதை முடித்துவிட்டு வந்து மீதியைப் படி. நான் செய்து கொடுத்த ஐம்பது தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதே. பெட்டியில் நாற்பத்தைந்து இருக்கும். மீதி ஐந்து உன் பச்சைக் கோட்டின் இடது பையில் இருக்கும், நீ கிளம்பும்போது கட்டிப்பிடிக்கிற சாக்கில் நான்தான் போட்டேன். துப்பாக்கிக்குள் ஏதாவது ஏற்றி வைத்திருந்தால் அதையும் இறக்கிவிடு. தோட்டாவின் அடியில், ஈரம் புகாமலிருக்க நான் தடவிய அம்மாவின் சிவப்பு நகப்பூச்சு தெரிந்தால் அது என் தோட்டா. இந்தப் பொட்டலத்தைப் போட்ட விமானம் இன்னும் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் ஓடிப்போய் இதைச் சுற்றியிருக்கும் சிவப்புத் துணியை எடுத்து ஆட்டு, ஏன் என்று பிறகு சொல்கிறேன். போய்விட்டு வா, நான் எங்கேயும் போய்விட மாட்டேன், போகவும் முடியாது.

முடித்தாயா, சரி, இப்போது கேட்கிறேன். நீயும் உன்னோடு இருக்கிற அந்தக் கேரன் பெண்ணும் சுகமா, விடுதிக் கூரை பனி தாங்குகிறதா, குளிர்காலம் முழுவதும் ஆளில்லாத விடுதிக்குக் காவல் இருக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களா. இங்கே மாடியில் அம்மா முழு நலம். நிலவறையில் நான் முக்கால் நலம், மீதிக் கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. ஆகஸ்டில் மரம் உருண்டு தொடை முறிந்தபோது இந்தப் படிக்கட்டில் என்னை அலமாரி இறக்குவது போல் நிமிர்த்தி இறக்கியதை நீயே பார்த்தாய். அடுப்பும் கழிவறையும் இங்கே இருக்கிறது, வசதி என்றார்கள். இறக்கத் தெரிந்தவர்களுக்கு ஏற்றத் தெரியவில்லை. இரண்டு தடவை முயன்றோம், படி திரும்புகிற மூலையில் கட்டு மாட்டிக்கொண்டு, சுவரில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். ஜனவரியில் கட்டுப் பிரிக்கும்வரை எனக்குப் பதின்மூன்று படியும் பதின்மூன்று மலை. ஒரு சின்ன ஜன்னல் இருந்ததே, அதில் பிஸ்கட் நாயின் நான்கு கால் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், போன வாரப் பனியில் அதுவும் மூடிவிட்டது. இப்போது தலைக்கு மேல் கேட்கிற காலடிச் சத்தம்தான் எனக்கு ஊர், உலகம், செய்தித்தாள் எல்லாம். அம்மா நடக்கிற நடையை வைத்தே இன்றைக்கு உருளைக்கிழங்கா பீன்ஸா என்று சொல்லிவிடுவேன்.

நடந்தது இதுதான். மருந்து அளக்கும் நம் பழைய கருவி உனக்குத் தெரியும், மேலே புட்டி, பக்கத்தில் கைப்பிடி, தூக்கினால் வயிற்றில் ஒரு அளவு வெடிமருந்தை வாங்கிக்கொள்ளும், இறக்கினால் குழாய் வழியாகத் தோட்டாக்கூட்டுக்குள் விடும். இருபது வருடம் அது என்னை ஏமாற்றியதில்லை, நான்தான் அதை ஏமாற்றினேன். கட்டிலிலிருந்து கை நீட்டினால் மேசைமேல் கைப்பிடி எட்டும், ஆனால் நிற்க முடியாதவனுக்குக் கூட்டைக் குழாயடியில் பிடிக்க எட்டாது. உன் மாமன் ஹார்லன் தன்னுடைய புதுக் கருவியைக் கொண்டுவந்து, "இத வச்சுக்க மச்சான், குழாய் அகலம், கட்டில் சட்டத்துலயே மாட்டிக்கலாம்" என்றான். நான் விடுவேனா, "இந்தத் தகர டப்பாவுல உன் பொண்டாட்டிக்குக் காப்பி வடிச்சுக் குடு, போ" என்று அனுப்பிவிட்டேன். பிறகு என் சொந்த மூளை வேலை செய்தது. பழைய எண்ணெய் அடுப்பின் செம்புக் குழாயில் ஒரு முழம் அறுத்து, வளைத்து, நம் கருவியின் அடியில் சொருகி, மேசையிலிருந்து என் படுக்கை உயரத்துக்கு இறக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "எல்லாம் சரி, கால் நல்லானப்புறம் செய்யக் கூடாதாய்யா, அவதான் கடையில ஒரு பெட்டி வாங்கிட்டாளே" என்றாள்.

அந்தக் கடைப் பெட்டிதான் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. நீ அதை வாங்கி வந்த அன்று எவ்வளவு கேலி செய்தேன், கடைக்காரனையே இனிமேல் அப்பா என்று கூப்பிடு என்றுகூடச் சொன்னேன், நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு மேலே போனாய். நான் போக முடியாமல் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு மாதமாக ஒரு விறகுகூடத் தூக்காதவன், மகள் அலாஸ்காவுக்குக் கிளம்புகிறாள், கொடுக்க இரண்டு கை மட்டும் மிச்சம் இருந்தது. நூறு செய்தேன். ஐம்பது உனக்கு, ஐம்பது ஹார்லனுக்கு.

மருந்து தேர்ந்தெடுத்ததிலும் தப்பு. வழக்கமாகப் போடுவது பென்சில் கரிக்குச்சியை நறுக்கியது போல நீள நீளமான மணி, அதையே போட்டேன். அகலமான நேர்க்குழாயில் அது சரசரவென்று இறங்கும். வளைந்த ஒல்லிக் குழாயில், ஆற்று வளைவில் மரக்கட்டைகள் குறுக்கே விழுந்து அணை கட்டிக்கொள்வது போல், உள்ளே கொஞ்சம் நின்றுவிடும். அப்போது ஒரு கூட்டுக்குக் குறையும், நின்றது உடைந்து அடுத்த கூட்டுக்குச் சேர்ந்து விழும். முப்பது வருடம் கட்டை மிதக்கவிட்டவனுக்கு இது தெரியாதா, தெரியும். அதற்காகத்தான் கூடுகளைத் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, எழுந்து நின்று, கைவிளக்கு அடித்து, ஒவ்வொன்றின் வாயையும் மேலிருந்து பார்த்துவிட்டுத்தான் குண்டை வைத்து அழுத்துவோம். நான் எழுந்து நிற்கவில்லை. படுத்திருப்பவன் கண்ணுக்குப் பித்தளைக் கூட்டின் விலாதான் தெரியும், வாய் தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இதையாவது நானே செய்கிறேன் என்று ஒரு வீம்பு. பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டேன், அந்த ஒன்று ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்து என்னைக் கெடுத்தது. குண்டை அழுத்தும்போது ஓரிரு தடவை உள்ளே மருந்து நறுக்கென்று நொறுங்கியது. கட்டுதான் விரிசல் விடுகிறது என்று நினைத்துக் காலைத் திட்டினேன், பாவம், கால் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை ஹார்லன் வேட்டைக்கு முன்னால் குறி பார்க்கலாம் என்று பழைய மணல் குழிக்குப் போய் ஒன்று சுட்டிருக்கிறான். வெடி வரவில்லை, தும்மல் வந்தது. அவனுக்குப் புத்தி கம்மி என்று உங்கள் எல்லாரிடமும் சொல்லி வந்தேனே, அந்த ஆள் அடுத்ததைச் சுடவில்லை. துப்பாக்கியைத் திறந்து குழல் வழியாக வானத்தைப் பார்த்தான், வானம் தெரியவில்லை, குண்டு பாதி வழியில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்றை விட்டிருந்தால் குழல் பிளந்து முகத்துக்கு வந்திருக்கும். நேராக இங்கே இறங்கி வந்து, பெட்டியை என் வயிற்றின் மேல் வைத்து, "என்ன மச்சான், மருந்துக்குப் பதிலா மூக்குப்பொடி போட்டியா" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு அவனே, "பொண்ணுக்கு எத்தன குடுத்த" என்று கேட்டான். அதற்குப் பிறகு இந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

நேற்று முழுவதும் மிச்சம் நாற்பத்தொன்பதையும் பிரித்தேன். சுத்தியலின் தலைக்குள் தோட்டாவை மாட்டிக் கட்டையில் அடிப்போமே, அது தெரியுமல்லவா, அடிக்க அடிக்கக் குண்டும் மருந்தும் கழன்று விழும், ஒவ்வொன்றையும் தராசில் போட்டேன். தட்டுகிற சத்தம் கேட்டுப் பிஸ்கட் மேலே நாள் முழுக்கக் குரைத்தது. மருந்து குறைந்திருந்தவை இரண்டு, கழுத்து முட்ட நிறைந்திருந்தவை மூன்று. ஹார்லனின் தும்மலுக்குச் சோடி அந்த மூன்றாவது. குறைந்ததாவது குழலில் உட்காரும், நிறைந்ததைச் சுட்டால் துப்பாக்கியின் பின்பக்கம் பெயர்ந்து கண்ணுக்கு வரும். உன் ஐம்பதில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அதைக் கண்டுபிடிக்க நீ முயலாதே, குலுக்கிப் பார்க்காதே, பிரிக்காதே, தகர டப்பாவில் போட்டு மூடி ஆணி அடித்து வை. வசந்தத்தில் வந்து நானே பிரிக்கிறேன், எழுந்து நின்று. பிரித்த மருந்தை அம்மா ரோஜாச் செடிகளின் அடியில் பனிமேல் தூவிவிட்டாள், நல்ல உரமாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காலுக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், கொஞ்சம் காற்று வந்திருக்கும்.

ஏரி உறைந்ததும் கரிபூ மான்கள் அதன் மேலே நடந்து வரும், அப்போது அப்பாவின் தோட்டாவில்தான் முதல் மான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், இத்தனை நாள் பெருமைக்கு, இப்போது தினமும் எடுத்துத் தேதியைப் பார்ப்பதற்கு. அம்மா விமானக்காரர்களிடம் தொலைபேசியில் பேசினாள். உங்கள் வானொலிப் பெட்டி மூன்று வாரமாகப் பேசவில்லையாம், ஏரி ஓரமெல்லாம் பனிக்கட்டி, மிதவை போட்டு இறங்க முடியாது, சறுக்குக்கட்டை போட்டு இறங்க அது போதாது. வியாழக்கிழமை அந்தப் பக்கம் பறக்கும்போது தபாலை மேலிருந்து போடுகிறேன் என்று விமானி டில்மன் ஒத்துக்கொண்டிருக்கிறான், நல்லவன். நாளை விரைவுத் தபாலில் அனுப்பினால் இது அதற்குள் அவனிடம் சேர்ந்துவிடும். தானே ஒரு சீட்டும் எழுதிப் போடுகிறேன் என்றான். ஆனால் வேறொருவன் எழுதினால் நீ நம்புவாயா, நான் ஏவிவிட்ட விளையாட்டு என்பாய். கழிப்பறைக்குள் கரடிக்குட்டி இருக்கிறது என்று உன்னைப் பத்து வயதில் ஓடவிட்டவன் நான், உன் கல்யாண மோதிரத்தை மீன் விழுங்கிவிட்டது என்று மாப்பிள்ளையை அழவைத்தவனும் நான்தான், அந்த மாப்பிள்ளை நிலைக்கவில்லை, அது வேறு கதை. புலி வருது, புலி வருது என்றே வாழ்ந்துவிட்டேன். இப்போது நிஜப்புலி உன் கோட்டுப் பையில் இருக்கிறது, நான் நிலவறையில் கிடந்து கத்துகிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட கை, நான்கு தாளைக் கிழித்துப் போட்டு எழுதியது இது, எழுத்துப் பிழைக்குச் சிரித்துக்கொள், விஷயத்துக்குச் சிரிக்காதே.

துணி விஷயம் சொல்கிறேன் என்றேன். அது என் சிவப்பு நீளக் காற்சட்டை, உள்ளே போடுவது, அம்மா துவைத்துத்தான் கொடுத்தாள். கட்டுக்காலில் அது ஏறாது, ஜனவரிவரை எனக்கு வேலைக்கு ஆகாது, பனியில் விழுந்தால் ஒரு மைல் தள்ளியும் தெரியும். டில்மன் பொட்டலத்தைப் போட்டுவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றுவான். நீ அதை ஆட்டினால் படித்துவிட்டாய், பத்திரமாக இருக்கிறாய் என்று அர்த்தம், இறங்கியதும் அம்மாவைக் கூப்பிடுவான். அவன் போன பிறகுதான் பொட்டலம் கையில் கிடைத்தது என்றால், கூரைக் கம்பத்தில் கட்டிவை, அடுத்த வியாழன் பார்ப்பான். கேரன் என்ன நினைத்தால் என்ன, எங்கள் அப்பாவின் கொடி என்று சொல். தொலைபேசி மாடியில் இருக்கிறது, மணி எனக்குக் கேட்கும், பேசுவது கேட்காது. நல்ல செய்தி என்றால் அம்மா சமையலறைத் தரையை இரண்டு தடவை மிதிக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அவள் படியிறங்கி வந்து சொல்லும்வரை என்னால் பொறுக்க முடியாது.

கடவுள் உன்னையும் அந்தப் பெண்ணையும் குளிரிலிருந்தும் மிருகத்திலிருந்தும் என் புத்திசாலித்தனத்திலிருந்தும் காப்பாற்றட்டும். காலுறையை உலர்த்தாமல் போடாதே. இறைச்சி இல்லாவிட்டால் பீன்ஸ் தின்று பிழை. மான் வந்தால் கடைப் பெட்டியைத் திற, அதில் இருபது இருக்கிறது, ஒரு மானுக்கு ஒன்று போதும். இந்த ஒரு தடவை அப்பா கையை நம்பாதே கண்ணு.

தரையைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக் கிடக்கும்,
உன் அப்பா,
ஆர்டன்

ரோண்டா, விளையாட்டு இல்லை, அப்பா எழுதியது அத்தனையும் உண்மை. நேற்றுக் காலையிலிருந்து அவர் யாரையும் ஒரு கேலி பேசவில்லை, இந்தக் கடிதத்தில்தான் பேசியிருக்கிறார். துணியை ஆட்டு. — அம்மா