பதினொரு சட்டை

ஜூலை 1, புதன்

விடியலிலிருந்து மழை. வேன் அரை மணி தாமதம். புஞ்சாக் ஆலாம் போய்ச் சேரும்போதே சூப்பர்வைசர் முகம் சரியில்லை. மாணவர் விடுதி மூன்றாம் மாடி முழுக்க ஈரக்கால் தடம். துடைத்து நிமிர்வதற்குள் மறுபடியும். பல்கலைக்கழகம் வரைக்கும் படித்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிள்ளானிலிருந்து அண்ணியின் போன், என் வீட்டுக்காரரின் அக்கா. தம்பி போய் வருஷம் ஆகிறது, திதியை 19-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். திதி செய்யும் பண்டாரத்திடம் அண்ணியே பேசிவிட்டாராம். அன்றோடு துக்கம் கழிகிறது, பிள்ளைகள் புதுத் துணி போட வேண்டும், அளவு சொல்லு என்றார். வேண்டாம் அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாய் முந்திக்கொண்டது. சரி, முந்தியது முந்தியதுதான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். உள்ளே:

கட்டம் போட்ட சட்டை 4
கோடு போட்டது 3
வெள்ளை 2
காக்கி 1 (லோரி ஓட்டும்போது போட்டது, காலர் கிழிசல்)
பச்சையில் பூப்போட்டது 1 (அண்ணி தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. ஒரே தடவை போட்டார், அதுவும் அண்ணி வந்ததால்)
காற்சட்டை 3, கைலி 2

இவையெல்லாம் கடலுக்குள் இருக்க வேண்டியவை. இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது, பதினாறாம் நாள் மூட்டை கட்டிக் கோலசிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் விட வேண்டும், அது அவர்கள் குடும்பத்து வழக்கம். மூட்டையை அண்ணிதான் கட்டினார். எல்லாரும் பந்தியில் இருந்த நேரத்தில் நான் பிரித்தேன். அவர் சட்டை ஒன்றை மட்டும் மேலே விட்டு, அடியில் என் நைட்டி இரண்டு, ஜன்னல் திரை, நைந்த போர்வை. அதே முடிச்சு. அண்ணி படகில் போய்த் தன் கையால் விட்டுவிட்டு வந்தார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதுவதே முதல் தடவை.

ஜூலை 2, வியாழன்

மழை இல்லை. கவினை நிறுத்தி அளவெடுத்தேன். தோள் 12½, நெஞ்சு 26, கை 7. நிற்கவே மாட்டேன் என்கிறான், எட்டு வயதுக்குக் காலில் அப்படி என்ன அவசரமோ. போன தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, புதுத் துணியும் கிடையாது. அவன் கை கால் மட்டும் துக்கம் காக்காமல் வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடச் சட்டையைத் தவிர எல்லாம் தொப்புளுக்கு மேல்.

தர்ஷிக்கு அளவு பிறகு. பதின்மூன்று வயது. கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும்.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல், பச்சை நூல், மெஷின் ஊசி 14, அரை இஞ்சு எலாஸ்டிக், உப்பு, கருவாடு.

ஜூலை 4, சனி

லீவு. வெயில். பத்து மணிக்கு மெஷினை வாசலுக்குத் தள்ளினேன். முதலில் கோடு போட்டது ஒன்று. வீட்டில் போடுவதற்கு, கை பழகுவதற்கு. பிளேடால் பக்கத் தையல், கைத் தையல், காலர் எல்லாம் பிரித்தேன். பொத்தான் பட்டியை மட்டும் பிரிக்கவில்லை. கடையில் தைத்த பட்டி என் கைக்கு அவ்வளவு நேராக வராது. கீழ் மடிப்பும் அப்படியே. மேலேதான் குறைக்க வேண்டும். பழைய பேப்பரில் வெட்டிய அளவை மேலே வைத்து, தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தேன்.

தர்ஷி டியூஷனிலிருந்து அப்போதுதான் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா சட்டைய ஏன்மா வெட்டுற?"

தம்பிக்கு என்றேன். உனக்கும் என்றேன். அவள் அழவில்லை, கத்தினாள். பெட்டி இருப்பது அவளுக்கு முன்பே தெரியுமாம். நான் வேலைக்குப் போன பிறகு திறந்து பார்ப்பாளாம். எதையும் கலைத்ததில்லையாம். இப்போது நானே வெட்டுகிறேனாம். ஒரு வருஷமாக நான் ஒளித்ததாக நினைத்தது அவளிடம் மட்டும் ஒளியவில்லை.

காலரில் பூச்சி அரித்த இடத்தை அவளுக்குக் காட்டினேன். இன்னும் இரண்டு வருஷம் பெட்டியில் கிடந்தால் பொத்தான்தான் மிஞ்சும் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோப்புக் கோட்டை இன்னொரு தடவை போட்டு, வெட்டினேன்.

சாயங்காலம் வந்து, காக்கியை வெட்டாதே என்றாள். வெட்டமாட்டேன் என்றேன். எடுத்துக்கொண்டு போனாள். பத்துதான் மிச்சம்.

ஜூலை 5, ஞாயிறு

இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். இரண்டும் இடக்கை. துணியை மடித்துப் போட்டு வெட்டியிருந்தால் தானாகச் சரியாக வந்திருக்கும், தனித்தனியாக வைத்து வெட்டினால் இப்படித்தான். என்னை நானே திட்டிக்கொண்டு கோடு போட்ட இன்னொரு சட்டையிலிருந்து ஒரு வலக்கை. கோடு கொஞ்சம் அகலம். தெரிகிறது. தெரியட்டும்.

ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கப் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் போனேன். தேவாலயப் பாடற்குழுவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்து அவரைத் தெரிந்தவர்தானே. தங்கள் பக்கம் இறந்தவர் துணியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், சொந்தப் பிள்ளைக்கே போட்டுப் பார்த்ததில்லை என்றார். நானும் பார்த்ததில்லை அக்கா என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டார். மெஷின் நூலை மட்டும் அறுத்துறாத லா என்றார்.

ஜூலை 7, செவ்வாய்

சட்டை முடிந்தது. கவினுக்குப் போட்டுவிட்டேன். தோள் சரி. அக்குளில் கால் இஞ்சு இறுக்கம், அடுத்ததில் விட வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று லோரி ஓட்டுவது போல் கையைச் சுற்றினான். யார் சட்டை என்று நான் சொல்லவில்லை. தர்ஷி சொல்லியிருப்பாள்.

ஜூலை 8, புதன்

கவினுக்குக் காய்ச்சல். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, கிளினிக் கூட்டிப் போகும்போது 39 டிகிரி. தொண்டை சிவந்திருக்கிறது, வகுப்பில் நான்கு பேருக்கு இதே என்றார் டாக்டர். மருந்து: மஞ்சள் நிறம் மூன்று வேளை, சிவப்பு காய்ச்சல் இருந்தால் மட்டும்.

நான்கு பேருக்கு இதே. காதில் விழுந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை எடுத்துப் போய்ப் பின்னால் கோழிக்கூண்டின் மேல் போட்டேன். பயந்தேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன்: நன்றாகப் பயந்தேன். என் பிடிவாதத்துக்குப் பிள்ளை விலை கொடுக்கிறானோ என்று நினைத்தேன். ஆத்தா, தப்பு என்றால் என்னைக் கேள், அவனை விட்டுவிடு.

ஜூலை 10, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தான், ஊறுகாய் கேட்டான். டாக்டர் சொன்ன நாளில், சொன்ன மருந்தில்.

கூண்டின் மேலிருந்து சட்டையை எடுத்தேன். கோழி அதன் வேலையைச் செய்திருந்தது. துவைத்துக் காயப்போட்டேன். அவர் உயிரோடு இருந்தபோது இந்தப் பிள்ளைக்கு ஒரு கொசு கடித்தால் தாங்கமாட்டார். போன பிறகு சட்டைக்குள் இருந்துகொண்டு கெடுதல் செய்வாரா? ஒரு நாள் முழுக்க அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் கவினுக்கு அதையே போட்டுவிட்டேன்.

ஜூலை 11, சனி

திதிக்கு எதில் தைப்பது?

வெள்ளையில் தைத்தால் அண்ணிக்குத் தெரியாது, வெள்ளை எல்லாம் ஒன்றுதான். கட்டம் போட்டதும் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. பச்சைப் பூவை மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார், அவரே பொறுக்கி எடுத்தது. காலையிலிருந்து வெள்ளையை எடுத்து வைத்து, பச்சையை எடுத்து வைத்து, மறுபடி வெள்ளையை எடுத்து வைத்து.

பச்சைதான். அப்பா சட்டையைப் பிள்ளை திருட்டுத் துணி மாதிரி போட வேண்டாம். திட்டு வரும். வரட்டும், எனக்கு.

மடித்துப் போட்டு வெட்டினேன். ஒரு இடக்கை, ஒரு வலக்கை.

ஜூலை 15, புதன்

வேலை முடிந்து வந்து சோறு வடித்துவிட்டு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கிறது. பச்சையில் காலர் பெரிய வேலை. கழுத்துப் பக்கம் தேய்ந்ததை உள்பக்கமாகத் திருப்பி, சுருக்கித் தைத்தேன். ஊசி ஒன்று உடைந்தது. மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

தர்ஷி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டம் போட்டதில் இரண்டைச் சேர்த்து முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை தைக்க முடியுமா என்று கேட்டாள். போனில் படம் காட்டினாள். பொத்தான் பட்டி முன்னால் நேராக இறங்க வேண்டுமாம். பாக்கெட்டை எடுக்கக் கூடாதாம், அப்பா பேனா வைக்கும் பாக்கெட். முடியும் என்றேன். இடுப்பு 25. அவளே டேப்பைப் பிடித்துச் சொன்னாள்.

ஜூலை 18, சனி

பாவாடை முடிந்தது. மடிப்பு வெட்டாமல் இரண்டு இஞ்சு உள்ளே விட்டிருக்கிறேன், வளர்ந்தால் இறக்கலாம். பச்சைச் சட்டை, பாவாடை இரண்டையும் இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று. தர்ஷி வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

நாளைக்கு: வாழையிலை, எள், வெற்றிலை, வாழைக்காய், அவருக்குப் பிடித்த சுறாப்புட்டு (பண்டாரம் போன பிறகு). மேரி அக்கா பெரிய சட்டி தருகிறார்.



ஜூலை 19, ஞாயிறு

அண்ணி எட்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் கடைப் பை, உள்ளே பிள்ளைகளுக்குப் புதுத் துணி. வேண்டாம் என்று நான் சொன்னதை நம்பவில்லை. கவின் வேட்டி கட்டிச் சட்டையில்லாமல் உட்கார்ந்து பண்டாரம் சொன்னபடி எல்லாம் செய்தான். எள் ஒட்டிய விரலை ஒரு தடவை மட்டும் நக்கினான்.

முடிந்து குளித்துவிட்டுப் பிள்ளைகள் இருவரும் உடுத்திக்கொண்டு வந்தார்கள். அண்ணி அடுப்படியில் இலை துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். துணியைக் கீழே வைத்தார். கவினைக் கூப்பிட்டு நிறுத்தி, காலரைப் பிடித்துத் திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

"இது தம்பி சட்ட."

"ஆமா அண்ணி."

"நான்தான என் கையால கடல்ல விட்டேன்?"

சொன்னேன். மாற்றியதை, முடிச்சுப் போட்டதை, பெட்டியை, எல்லாவற்றையும். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சட்டையாச்சும் எடுத்து வச்சிருக்கலாமேன்னு வருஷம் பூராவும் அழுதேன்டி. உன் நைட்டிக்கா அழுதேன் நான்?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஆரம்பித்தார். யாரைக் கேட்டு மாற்றினாய், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது, படித்த பிள்ளை என்று நினைத்தேன், என்னை ஊர் பார்க்கப் படகில் உட்காரவைத்து ஏமாற்றிவிட்டாயே. எல்லாம் நியாயம்தான். ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டேன். துணிக்குக் கேட்கவில்லை.

"இது அவரு போட்ட சட்ட இல்ல அண்ணி. நான் வெட்டித் தச்சது. இவனுக்கு முன்னால இத வேற யாரும் போட்டதில்ல."

வாசலில் மேரி அக்கா சட்டியோடு வந்தவர் அப்படியே நின்றார். தர்ஷி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கவினின் கைத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து அவருடைய படத்துக்கு முன்னால் போனார். தட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து, கவினின் காலருக்கு உள்ளே ஒரு பொட்டு வைத்தார். தர்ஷியின் பாவாடை ஓரத்தில் ஒரு பொட்டு. முதல் தடவை உடுத்தும் துணிக்கு எங்கள் வீடுகளில் வைப்பது. பழைய துணிக்கு யாரும் வைப்பதில்லை.

கடைப் பையை என்னிடம் கொடுத்தார். "இது தீபாவளிக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார், சுறாப்புட்டில் உப்பு கம்மி என்றார்.

ஜூலை 20, திங்கள்

வேன் நேரத்துக்கு வந்தது. மேகமூட்டம். இரண்டாம் மாடியில் கழிப்பறை அடைப்பு.

பத்தரைக்கு அண்ணியின் போன். நேற்று விட்டுப்போன திட்டு கொஞ்சம் இருந்தது, அதையும் திட்டி முடித்தார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தம்பி சட்டையில் எனக்கு ஒரு தலையணை உறைக்குத் துணி தேறுமா சுமதி என்றார். தேறும் அண்ணி என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், ஒரு மாணவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

கட்டம் போட்டதில் இரண்டு மிச்சம். முதுகுப் பக்கம் இரண்டையும் சேர்த்தால் உறை வரும். பொத்தான் பட்டி பின்னால். சனிக்கிழமை வெட்ட வேண்டும்.