வெட்டிய காப்பு

14.11.2006, பாடன்

இன்று மகள் ராணி என்னைச் சூரிச் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். வைக்கிங்குகளின் வெள்ளிக் காப்புகளைப் பார்த்தோம். அழகுக்கு அணிந்ததையே, பொருள் வாங்கும்போது துண்டாக வெட்டி நிறுத்துக் கொடுப்பார்களாம்.

"பார்த்தீங்களோ அம்மா, வெட்டினாலும் பெறுமதி குறையேல்லை."

ஏன் கூட்டி வந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. வியாழக்கிழமை எனக்குச் சத்திரசிகிச்சை. கலியாணத்தன்று அவர் போட்ட தங்கக் காப்பு, வீங்கிய கையிலிருந்து கழலவில்லை. ஆஸ்பத்திரியில் வெட்டத்தான் வேண்டுமாம்.

"அவை சாமான் வாங்க வெட்டினவை. நான் என்னத்தை வாங்கப்போறன்?"

"இன்னும் கொஞ்சக் காலத்தை, அம்மா."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். கைலேஞ்சி கொண்டுவரச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

சற்றுமுன் சவர்க்காரம் போட்டுக் காப்பை இழுத்துப் பார்த்தேன். தோல்தான் கழன்றது.