முற்றத்து ஊதாப் புல்

2025 ஜனவரி 12, ஞாயிறு
பேத்தி லோஜினி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தனுஷனுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ. சின்னவன் வினோஜன் மாகாண ஓட்டப் போட்டியில் இரண்டாவது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவளின் பேரப்பிள்ளைகள். எழுதி வைக்க வேண்டாமா?

தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையிலிருந்து தனி வீட்டுக்கு வந்து மூன்று மாதம். முன்னால் நாள் முழுக்க வெயில் விழும் வெறும் மண். மகன் சுதாகரனுக்கு அங்கே சிமெந்து போட்டு ஆட்டோ நிறுத்த வேண்டும். எனக்குப் பூந்தோட்டம்.
"சித்திரை வரைக்கும் பாப்பேம்மா. அதுக்குள்ள பாக்கிற மாதிரி ஒண்ணும் வரலேன்னா சிமெந்துதான்."

ஜனவரி 18
கந்தப்பளையில் பௌசியாவின் செடிக் கடை. நரிவால் மாதிரி ஊதாக் கதிர் விட்ட புல் ஒன்று.
"நாப்பது வருசம் புல்லுப் புடுங்கிச் சம்பளம் வாங்கினேன். இப்ப காசு குடுத்துப் புல்லு வாங்குறேன்" என்றேன்.
"வெயில் இருந்தாப் போதும் ராசம்மாக்கா, அது பாட்டுக்கு வரும்" என்றாள்.
கூடவே வெள்ளை டேசி, நீல அகபாந்தஸ். ஒரு தடவை பூத்துச் சாகாதாம், வருடா வருடம் பூக்குமாம். உயரமானது பின்னால், குட்டை முன்னால்.

ஜனவரி 19
நட்டாச்சு. பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மலையில் மண் தேற மானாப் புல் நட்டிருக்கிறேன். அழகுக்குப் புல் நட்டது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 23
முதல் கதிர். காற்றில் எந்தப் பக்கம் சாயுது என்று பார்த்து நின்றதில் சோறு அடிப்பிடித்தது.

மார்ச் 2
என்ன காரியம் பண்ணிட்டேன். ஒன்று உயர்ந்து, ஒன்று தாழ்ந்து நின்றது கண்ணுக்குப் பொறுக்கவில்லை. தேயிலைக்கு வெட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டேன். அகபாந்தஸை மொட்டோடு. கை தானாப் போச்சு—
"தேயிலை மலைய வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்க" என்றான் சுதாகரன். எனக்குச் சிரிப்பு வரலை.

மார்ச் 3
பௌசியாவிடம் ஓடினேன். "புல்லும் டேசியும் கத்தியத் தாங்கும்க்கா. அகபாந்தஸ் மொட்டு போனா இந்த வருசம் போனதுதான்."
அது ஏன் அப்படி? வந்து தூரைக் கிளறிப் பார்த்தேன். புல்லுக்கு அடியில் ஊசி ஊசியாய்ப் பச்சை. புல் தூரிலிருந்து முளைக்கிறது; அகபாந்தஸ் மொட்டு தண்டின் நுனியில் இருந்தது, அதைத்தான் வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 28
புல் ஒரு முழம். முன்பைவிட அடர்த்தி. அகபாந்தஸ் வெறும் இலை. வாசலில் இரண்டு மூட்டை சிமெந்து வந்து இறங்கிவிட்டது.

ஏப்ரல் 13
நாளைக்குச் சித்திரை பிறக்கிறது. புல் முழுக்க ஊதாக் கதிர். காலையில் சுதாகரன் கொஞ்ச நேரம் அதையே பார்த்து நின்றான். பிறகு மூட்டைகளைத் தூக்கிப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குக் கொண்டு போனான். ஆட்டோவைத் துடைத்து, புல்லுக்கு முன்னால் ரோட்டோரம் நிறுத்திப் படம் எடுத்து லோஜினிக்கு அனுப்பினான்.
அவள் உடனே கூப்பிட்டாள். "அப்பாயி, நீங்க சொன்ன நீலப் பூ எங்க?"
"அது அடுத்த வருசம். சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல நீ இன்னும் பள்ளிக்கூட உடுப்போடதான் நிக்கிற. புதுசா ஒரு படம் எடுத்துக் கழுவி, தபால்ல போட்டு விடு."