வரவேற்புரையில் ஒரு தப்பு

வண்ணார்பேட்டையில் இன்று ஆறு புதுக் கூடைப்பந்துகள் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. கல்லூரி நாட்களில் நீ மாம்பழம் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொரு பந்தையும் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பாய். நானும் கடையில் நின்று முகர்ந்தேன். "என்ன டீச்சர், பந்து ஊசிப் போச்சா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி. நீ இறந்து போய் எட்டு மாதம் ஆகிறது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? சிரித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொங்கல் விழாதான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நீ எப்போதும் களத்தில் இருந்தவள், நான் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவள். பிறகு நீ மாநில அணிக்கு ஆடி, அதனாலேயே சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலையும் வாங்கினாய். நான் நாங்குநேரிப் பக்கத்து ஊர் ஒன்றில் விளையாட்டு டீச்சரானேன். மண்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டுப் பெண் பிள்ளைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி. இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும், அரைக்கால் சட்டை போட வேண்டும். பெற்றவர்கள் ஒருவரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை ஊர் விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினராக உன்னை அழைத்தால், உன்னைப் பார்த்து ஊர் மனம் மாறும். யோசனை நல்லதுதான். அதோடு விட்டிருக்கலாம்.

நீ வந்தாய். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், நான் பையிலிருந்து ஒரு ஜோடி மெட்டியை எடுத்து உன் மடியில் வைத்தேன்.

"என்னட்டி இது?"

"சும்மா ரெண்டு மணி நேரத்துக்குப் போட்டுக்கோ. வயசு முப்பத்தொண்ணு, இன்னும் கல்யாணம் ஆவலன்னு தெரிஞ்சா ஒருத்தியும் பிள்ளைய அனுப்ப மாட்டா."

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு மெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய். ஊர் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சம்மதித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கூறுகெட்டவளாக இருந்திருக்கிறேன்.

விழா எப்போதும் போலத்தான் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை. விளையாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டார்கள். ஆண்கள் முன்னால் இரும்பு நாற்காலிகளில், அம்மாக்கள் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றபடி. நான் எழுதிக் கொடுத்த தாளை வரவேற்புரைக்காரர் அப்படியே வாசித்திருந்தார்: "இவருடைய கணவர் பம்பாயில் பொறியாளராகப் பணிபுரிகிறார்." பின்னால் நின்ற பெண்கள் தலையாட்டியதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

பொன்னாடை போர்த்தி மைக்கை உன் கையில் கொடுத்தபோது மணி பன்னிரண்டு. நீ பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாய்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். வரவேற்புரையில ஒரு தப்பு இருக்கு. எனக்குக் கல்யாணம் ஆவல. பம்பாயில எனக்கு யாரையும் தெரியாது. எங் கூட்டுக்காரி உங்க பிள்ளைங்க ஆடணும்னு ஆசைப்பட்டு அப்படி எழுதிட்டா. அவள வையாதிய."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஊர்த்தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது வேப்பமரத்தடியிலிருந்து ஒரு அம்மா சத்தமாகக் கேட்டாள்: "பந்து ஆடப் போனதாலதான் கல்யாணம் ஆவலையாக்கும்?"

நீ மேடையை விட்டு இறங்கி, மைக் வயர் நீண்ட மட்டும் அவளை நோக்கி நடந்தாய். வயர் தீர்ந்ததும் மைக்கை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுத் தொண்டையை நம்பிப் பேசினாய்.

"இல்லம்மா. பொண்ணு பாக்க வந்த ரெண்டு பேரும் வேலைய விடச் சொன்னாவ. நான் விடல. பந்து ஆடாம இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். உங்க மகளுக்கு மாப்பிள்ள அமையுமான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனா ஆடுனா தனியா பஸ் ஏறிப் போய்ட்டு வருவா. நாலு பேரு முன்னால கீழ விழுந்தா எந்திச்சு நிப்பா. அது வரைக்கும் நான் ஜவாப்தாரி."

யாரும் கைதட்டவில்லை. நன்றியுரை அவசரமாக முடிந்தது.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் விலகிவிட்டார்கள். நான் பெரிதும் நம்பியிருந்த நெட்டைப் பிள்ளையும் அதில் ஒருத்தி. திரும்பி வரும் பஸ்ஸில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "என் டீமையே கெடுத்துட்டியேட்டி" என்றேன். நீ மெட்டியை என் கையில் வைத்து விரல்களை மூடினாய்.

"மிச்சம் அஞ்சு பேரு இருக்காள்லா? அஞ்சு பேரு இருந்தா ஆட்டம் உண்டு. சவத்த விடு, அழாத."

அந்த ஐந்து பேர் வீட்டிலும் கையெழுத்து வாங்கி, அவர்களைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார மாற்றாள் இல்லை. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருத்தி ஐந்தாவது ஃபவுல் செய்து, விதிப்படி வெளியேறினாள். மீதி நான்கு பேர் ஆடி முடித்தார்கள். நன்றாகவே தோற்றோம். ஆனால் நால்வரில் ஒருத்தியும் களத்தை விட்டு வரவில்லை. அடுத்த வருடம் ஜூனில், மரத்தடியில் கேள்வி கேட்ட அந்த அம்மாவே தன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "அந்தப் பிள்ள எங்ககிட்டப் பொய் சொல்லல. நீங்களும் இனிமே சொல்லாதிய" என்றாள். பெற்றவர்கள் எத்தனையோ பேர் என்னை வைதிருக்கிறார்கள். இன்றைக்கும் வலிப்பது அது ஒன்றுதான்.

சொன்னால் கேட்கிற ஆளா நான்? பிள்ளைகள் விஷயத்தில் அப்புறம் பொய் சொல்லவில்லை. என் விஷயத்தில் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது, துபாயில் வேலை என்று ஊருக்குச் சொன்னேன். ஒரு வருடம், இரண்டு வருடம், பிறகு பதினான்கு வருடம். அக்கம்பக்கத்தில் கேட்டால் "இந்த வருஷம் லீவு கிடைக்கல" என்பேன். உனக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை போனில் கேட்டாய்: "நான் அன்னைக்கே மெட்டியத் திருப்பித் தந்துட்டேன். நீ ஏம்ட்டி இன்னும் போட்டுக்கிட்டு அலையுத?" கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீயே மறுபடி கூப்பிட்டாய். ஒன்றும் நடக்காதது போல அணியைப் பற்றி விசாரித்தாய். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பொங்கலுக்கும் கேட்கவில்லை, போனுக்கும் கேட்கவில்லை. இனி கேட்டு என்ன பிரயோஜனம்? செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

முந்தாநாள் களக்காட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு இளம் டீச்சர் போன் செய்தாள். அங்கே பெண் பிள்ளைகளுக்குப் புதிதாக அணி தொடங்குகிறார்களாம். இன்று வாங்கிய பந்துகள் அவர்களுக்குத்தான். பெற்றவர்கள் சம்மதிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் சிறப்பு விருந்தினராக வந்து பேச வேண்டுமாம்.

"வரவேற்புரைக்கு எழுதணும் டீச்சர். சார் என்ன பண்ணுதாங்க?"

வாய் வரைக்கும் துபாய் வந்தது. விழுங்கினேன்.

"சார் எங்கூட இல்லம்மா. விட்டுட்டுப் போயி பதினாலு வருஷமாச்சு."

அவள் பையக் கேட்டாள்: "அப்ப, மேடையில என்னன்னு சொல்ல டீச்சர்?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். மைக்க எங்கிட்டத் தா. நானே சொல்லுதேன்."