ஜீப் ஆக்ஸிலில் ஒரு நீலக் கோடு

மட்டாஞ்சேரி
இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறு மாலை

அன்புள்ள பொன்மணி அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீலக் கோடு. தையல் நூல் அளவுதான் இருக்கும். அதைப் பற்றி உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் நீ எதைக் கேட்டாலும் எனக்கு 'ம்' என்பதற்கு மேல் வராது, உனக்கே தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். அத்தானையும் குட்டியையும் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. பக்கத்துக் குடோனில் சுக்கு மூட்டை இறக்கியதிலிருந்து அப்பாவின் பட்டறை ஷெட்டில் எல்லோரும் மாறி மாறித் தும்முகிறோம். ஐந்தாம் தேதி நீ வந்து என்னைத் திருப்பூருக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதற்கு அம்மா புதுப் பை ஒன்று வாங்கி வைத்துவிட்டாள். பனியன் கம்பெனியில் என் வேலைக்காக நீ எத்தனை பேரிடம் பேசினாய் என்று அத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு யார் இவ்வளவு செய்வார்கள்? அதை நான் மறக்கவில்லை.

கும்பளங்கியில் மீன் பண்ணை வைத்திருக்கும் நாணு சேட்டனை உனக்கு நினைவிருக்கும். மலையேற்றப் போட்டிக்கென்றே ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். ரோட்டில் ஓட்டுவதில்லை, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவார். இரண்டு முறை அதன் முன்பக்கத்தை உடைத்துக்கொண்டு வந்தார். அந்த வண்டியில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாகத் தொங்குகின்றன. பாறையில் இடித்தால் தாங்குவதில்லை. அதையெல்லாம் கழற்றிவிட்டு, பழைய ஜீப்பில் இருப்பது போல இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்பாக ஓர் ஆக்ஸில் வைத்துத் தர முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா இதுவரை செய்யாத வேலை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

தேவராவில் காயலான் சாமான் விற்கும் ஆக்ரிக்கடையிலிருந்து பழைய ஆக்ஸில் மூன்று வந்து இறங்கின. ஒன்று பட்டாள வண்டியுடையது. யானைக்குப் போடலாம், அவ்வளவு கனம். ஆனால் நடுவில் குடம் போல இருக்குமே, பல்சக்கரங்கள் உள்ள பகுதி, அது அதில் இடது பக்கம் ஒதுங்கி இருந்தது. நாணு சேட்டன் வண்டியில் இன்ஜின் பக்கமிருந்து சுற்றி வரும் ஷாஃப்ட் வலது பக்கமாக வருகிறது. அதனால் அது வேண்டாம் என்றாகிவிட்டது. மற்ற இரண்டும் ஜீப் ஆக்ஸில்கள். குடம் சரியான பக்கம், அகலமும் சரி. அதில் ஒன்று வளைந்திருந்தது. ஆகவே நேராக இருந்ததை எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் சாயா குடித்தபடியே முடிவு செய்தார்கள்.

உனக்கு மறந்திருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. முன்னும் பின்னும் வேறுவேறு கணக்காக இருந்தால், நாலு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, ஏற்றத்தின் நடுவில் ஏதாவது உடையும். வண்டி பின்னால் உருளும். அந்தக் கணக்கை ஆக்ரிக்கடைக்காரர் ஆக்ஸிலின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி அனுப்புவார். இதிலும் பின் ஆக்ஸிலுக்கு ஒத்த கணக்கைத்தான் எழுதியிருந்தார். அவர் எழுதியதை அப்பா எண்ணிப் பார்க்க மாட்டார். எண்ணினால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகுமாம். பதினைந்து வருடமாக இதுதான் வழக்கம்.

அன்று வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு வந்ததும் வெல்டு வைப்பதாக இருந்தது. அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நான் ஆக்ஸிலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குடத்தின் மூடி ஓரத்தில் அந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். கம்பெனி மூடிக்கு அடியில் காகிதம்தான் வைக்கும். நீலப் பசை என்றால் யாரோ பிறகு திறந்து மூடியிருக்கிறார்கள். திறந்தவர்கள் உள்ளே எதை மாற்றினார்களோ?

ஒரு பக்கச் சக்கர டிரம்முக்குக் கல் முட்டுக்கொடுத்து, மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றினேன். ஒரு பக்கத்தை நிறுத்தினால் மறுபக்கம் இரண்டு சுற்றினால்தான் ஒரு சுற்றுக் கணக்கு. ஷாஃப்ட் மாட்டும் முனையில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஐந்தேகாலையும் தாண்டிப் போனது. பிக்கப்பின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி அங்கேயும் எண்ணினேன். ஐந்துகூட முழுதாக வரவில்லை. மூன்று முறை எண்ணியும் அதேதான். மனது கேட்காமல், மூலையில் கிடந்த வளைந்த ஆக்ஸிலையும் சுற்றிப் பார்த்தேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அப்பா வெல்டிங் முகமூடியை எடுத்தார். பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தை வராதே, அன்றும் அப்படித்தான். சாக்பீஸால் ஆக்ஸில் மேலேயே மலையாளத்தில், இதை யாரோ திறந்திருக்கிறார்கள், கணக்கு தப்பு என்று எழுதினேன். நாணு சேட்டன் அதை உரக்க வாசித்தார். அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆக்ரிக்கடைக்காரர் எழுதினால் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார்.

அக்கா, வெல்டு வைத்துவிட்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுக்கவும் மாட்டார்கள், அப்படியே மலைக்குக் கொண்டுபோவார்கள். மெஷின் சுவிட்சை நானே அணைத்தேன்.

"எண்ணிட்டேம்ப்பா. இது அஞ்சேகாலைத் தாண்டுது. பின்னாடி அஞ்சுகூட முழுசா வரல."

நாணு சேட்டன்தான் அப்பாவைப் பார்த்து முதலில் வாயைத் திறந்தார்.

"எடோ துரை, இந்தக் குட்டிக்கு சம்சாரிக்கத் தெரியுமோ? ரெண்டு கொல்லமா ஞான் ஊமைன்னு நினைச்சு."

இரண்டு வருடமாக என்னை ஊமை என்று நினைத்து, எனக்கு மட்டும் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் கையை ஆட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தேன்.

அப்பா குடத்தின் மூடியைக் கழற்றினார். பற்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இடையில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முப்பத்தொன்பது பல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்ததுதான் திறந்தேன் என்று மீதியையும் சொன்னேன். வளைந்த ஆக்ஸிலின் உள்ளே இருப்பது பின்சக்கரத்தோடு சரியாக ஒத்துவருகிறது, அதை எடுத்து நேரான உடம்பில் வைத்துவிடலாம் என்று. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, அதையும் எண்ணிட்டியா?"

அதற்கு மட்டும் வழக்கம் போல 'ம்' சொன்னேன்.

அந்தப் பல்சக்கரங்களை மாற்றி, இடைவெளி பார்த்து உட்கார வைத்து, வெல்டும் முடிக்க எட்டு நாள் ஆனது. இன்று காலை ஒரு பழைய குவாரியில் ஏற்றிப் பார்த்தோம். நான் தூரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு இடத்தில் நின்றது, என் உயிரும் நின்றது. பிறகு ஆடி அசைந்து மேலே போய்விட்டது. நாணு சேட்டன் அங்கிருந்து, இந்தக் குட்டி எண்ணாத வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று ஊர் கேட்கக் கத்தினார். மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீனும் அனுப்பியிருந்தார். அப்பா ஆக்ரிக்கடைக்காரருக்குப் போன் செய்து, கோபப்படாமல், இனி எங்கள் ஷெட்டில் எல்லாவற்றையும் எண்ணித்தான் எடுப்போம் என்றார். எண்ணப்போவது யார் என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனை வைத்தார். ஐந்தாம் தேதி அவர் நினைவிலும் இருக்கிறது.

அக்கா, நீ எனக்காகப் பட்ட பாட்டுக்கு இப்படி எழுதுவது கைம்மாறு ஆகாது, தெரியும். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் தேதி நீ கட்டாயம் வர வேண்டும். குட்டியையும் கூட்டி வா. வந்த அன்றே திரும்புவது போல வராமல், பத்து நாள் தங்குவது போல வா. ஷெட்டில் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார். அதன் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
சங்கரி

பின்குறிப்பு: நாணு சேட்டனின் நண்பர் ஒருவர் இதே வேலைக்குப் பன்னிரண்டாம் தேதி வண்டி கொண்டுவருகிறார். அப்பா அதைச் சுவரில் எழுதி, 'எண்ணுவது' என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.