எதிர்க்கட்சி வரிசையில் ஓர் இருமல்

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு என்று எழுதிவிட்டேன். அலுவலகப் பழக்கம். அடித்தால் காகிதம் அசிங்கமாகும், அதனால் அப்படியே இருக்கட்டும். என் அன்புக்குரியவளுக்கு என்று நீயே மாற்றிப் படித்துக்கொள்.

இங்கு நலம். அங்கே தொகுதியில், தம்பி வீட்டில் நீ நலமா என்று அவனுக்குத் தினமும் போன் போடுகிறேன். "அக்கா தூங்குறாங்க மாமா" என்கிறான். காலையில் கேட்டாலும் தூக்கம், மதியம் கேட்டாலும் தூக்கம். பட்ஜெட் விவாதத்தில்கூட நீ இவ்வளவு தூங்கி நான் பார்த்ததில்லை. ஆகவே இதை உன் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அவருக்கு உட்கார ஒரு நாற்காலி போடு.

நாற்காலி என்றதும் உனக்குக் கோபம் வந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் நீ விளக்க அறிக்கை விடாவிட்டால் கட்சியை விட்டு நீக்குவார்களாம். எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. 'புறக்கணித்த கூட்டத்துக்குக் கணவரை அனுப்பிய உறுப்பினர்' என்று தலைப்பு, கீழே என் படம். இத்தனை வருடம் மன்றத்தில் மைக் வேலை பார்க்கிறேன், ஒருத்தன் என்னைப் படம் எடுத்ததில்லை. எடுத்த ஒன்றிலும் முகத்தைவிட வழுக்கைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார். துக்கம் விசாரிக்கிற குரலில் காட்டினார்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. நான் சரிசெய்தேன், இப்போது கூடுதலாக ஒழுகுகிறது. வாசலில் இரண்டு நாள் நிருபர்கள் நின்றார்கள். மூன்றாம் நாள் வேறு யாரோ மாட்டிக்கொண்டார் போலும், போய்விட்டார்கள். நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். இரண்டில் எது பெரிய தண்டனை என்று தெரியவில்லை. சொல்லப்போனால் எல்லாமே அலுத்துவிட்டது. நம் சண்டை உட்பட.

அந்த வெளிநாட்டுத் தூதர் மன்றத்தில் பேச வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து நம் சமையலறையில் தனியாக ஒரு சட்டமன்றம் நடந்தது அல்லவா. அவர்கள் நாட்டுக் கம்பெனியின் சுரங்கம் விடுகிற கழிவில் உன் தொகுதி ஆறு செத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தோலெல்லாம் புண். அந்த மனிதர் வந்து நட்புறவு பற்றிப் பேசுவார், யாரும் கேள்வி கேட்கக் கூடாது, முடிந்ததும் கைதட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்க விடாத இடத்தில் உட்கார்ந்திருப்பதும் கைதட்டுவதும் ஒன்றுதான் என்றாய் நீ. காலி நாற்காலி என்றைக்குக் கேள்வி கேட்டிருக்கிறது, உள்ளே போய் எழுந்து நின்று கேள், தூக்கி வெளியே போட்டால் போடட்டும் என்றேன் நான். உன் கட்சியிலேயே பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நீ நொந்துகொண்டாய். கடைசியில் புறக்கணிப்பது என்று கட்சி உன் பக்கம் சாய்ந்தது. அன்று நான் துணி மடிக்காமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். "மைக்கைத் தொடைக்கிறவனுக்கெல்லாம் பேச வரும்னு நெனப்பு" என்று நீ உள்ளே போய்ச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அந்தக் கோபத்தில் உன்னைக் கவிழ்க்கத்தான் போய் உட்கார்ந்தேன் என்று நீ நினைக்கிறாயாம். உன் தம்பி சொன்னான். நடந்ததைச் சொல்கிறேன்.

தூதர் வரக் கொஞ்ச நேரம் முன்பு மன்றச் செயலர் மேலும் கீழும் ஓடினார். உங்கள் பக்கம் மொத்தமும் காலி, கேமராவில் பொக்கை வாய் மாதிரி தெரிகிறதாம். "கோட்டு இருக்கிறவங்க எல்லாம் வந்து உக்காருங்கப்பா" என்றார். தட்டச்சுப் பெண்கள், நூலகர், கடன் வாங்கிய கோட்டில் இரண்டு தோட்டக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். இவ்வளவு அடக்கமான எதிர்க்கட்சியை இந்த மன்றம் கண்டதில்லை. நானும் கடைசி வரிசையில் ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். அப்போது மருந்தறைக் கம்பவுண்டர் நேராக உன் இடத்துக்குப் போனார். உன் முதுகுவலிக்கு நீ வைத்திருக்கிற மெத்தையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். நான் எழுந்து ஓடி, "இது என் வீட்டுக்காரம்மா எடம், நீங்க தள்ளிப் போங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அரசியல் என்று இதில் இருந்தது அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்திரிகையில் வராத ஒன்று இருக்கிறது. அதை நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

விருந்தினர் பேசும்போது மேசை மைக்குகளை எல்லாம் மேலே கண்ணாடி அறையிலிருந்து மூடிவைப்பது என் வேலை. நானோ கீழே கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். மூட ஆளில்லை. தூதர் உன் தொகுதி மலையின் அழகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கைப் பார்த்தால் என் விரல் சும்மா இருக்காதே, வேலை செய்கிறதா என்று பழக்கத்தில் அழுத்திவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தூதர் பேச்சை நிறுத்தினார். மரியாதையான ஆள்தான், ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவைத்தலைவர் பார்த்தார். மன்றமே பார்த்தது.

ஒரு வாரமாக உனக்குப் பாடம் எடுத்தவன் நான். உள்ளே இரு, எழுந்திரு, கேள் என்று. உள்ளே இருந்தேன். உன் இடம், உன் மைக், அதுவும் திறந்த மைக். அந்த ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியாததா, நீ ராத்திரி சாப்பாட்டோடு பரிமாறியதுதானே. வாயைத் திறந்தேன். இருமினேன். மன்றம் முழுக்க ஒலிபெருக்கியில் என் இருமல் கேட்டது. விளக்கை அணைத்தேன். அவர் தொடர்ந்தார். முடிந்ததும் எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். படத்தில் இருப்பது அந்தக் கைதான்.

அதனால் விவாதத்தில் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள். காலி நாற்காலி குறைந்தபட்சம் இருமாது.

நேற்று உன் கட்சி அலுவலகத்திலிருந்து மேலாளர் நீ விட வேண்டிய அறிக்கையின் நகலோடு வந்தார். உனக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். முதல் பத்தியில் நான் பொறுப்பற்றவன். சரி. நீ இதைவிட நல்ல வார்த்தைகள் வைத்திருக்கிறாய், வேண்டுமானால் சேர்த்துக்கொள். இரண்டாவதில், எதுவும் உனக்குத் தெரியாமல் நடந்தது. உண்மை. மூன்றாவதில், நாம் இருவரும் ஒரு வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். அப்படிப் போட்டால்தான் எடுபடுமாம். "பேப்பர்லதானே சார், நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா அக்காவுக்கு நல்லது" என்றார்.

போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த ஆற்றுக்காக எழுந்து நிற்க உன்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. இருக்கிறார்களா என்று நான் உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். ஆகவே நீயும் யோசிக்காமல் போடு. கட்சியில் இரு.

நீ போன நாளிலிருந்து மூன்றாம் பத்தி கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வருகிறது. அறிக்கை வெளியான பிறகு, பரபரப்பெல்லாம் ஓய்ந்த பிறகு, யார் கண்ணிலும் படாமல் வேண்டுமானாலும் சரி, ஒரு நாள் வந்து அதைப் பொய்யாக்கிவிடு. அதுவரை அங்கே ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்காதே, வெளியிலிருந்து வருவதையே குடி.

இப்படிக்கு,
மேற்படி அறிக்கையில் கண்ட பொறுப்பற்றவன்