மூடி போடாத சின்னக் குழாய்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பள்ளி மொட்டைமாடியில் எட்டாம் வகுப்புக்குச் சூரியனைக் காட்டினேன். டெலஸ்கோப்பின் வாயில் ஃபில்டர் தாளை நானேதான் கட்டினேன். கடல் காற்றுக்குப் பறக்காதபடி டேப்பும் சுற்றினேன். மேலே குறிபார்க்க இருக்கும் சின்னக் குழாய்க்கு மூடி போட மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்?

வரிசை நகரவில்லை என்று பூமாரி அதில் கண்ணை வைத்துவிட்டாள். "இன்னா மிஸ், இது இப்படி கூசுது?" திரும்பினால் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்றால், "கொஞ்சம்தான்." வலி இல்லையாம். அதுதான் பயமே. விழித்திரை வெந்தாலும் வலிக்காது, நாளைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 5

பூமாரியின் இடது கண்ணைப் பொத்தி, அறிவிப்புப் பலகையை வாசிக்கச் சொன்னேன். தடுமாறாமல் வாசித்தாள். மாதாவே, நன்றி.

"வூட்ல சொல்லாதீங்க மிஸ். அம்மா ஸ்கூலுக்கே அனுப்பாது." சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6

இன்றும் தடுமாறாமல் வாசித்தாள். அப்புறம்தான் உறைத்தது - திங்கள் முதல் அதே அறிவிப்பு. மனப்பாடம். புதுத் தாளில் எழுதி நீட்டினேன். தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"நடுவுல எழுத்து காணோம் மிஸ். கறுப்பா ஒரு புள்ளி கீது."

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

சாயங்காலம் அவர்களுடைய கயிற்றுக் கடைக்குப் போய் அவள் அம்மா வரலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். மருந்து கிடையாதாம். மாதக்கணக்கில் ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நாளை தலைமையாசிரியையிடம் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும்.

பிப்ரவரி 20

பூமாரி வரவில்லை. கடைப்பக்கம் போகவும் கால் வரவில்லை.

மார்ச் 3

வந்துவிட்டாள். புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படிக்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 8

மறுபடியும் மாடி. என்னை வேலையை விட்டு அனுப்பாத தலைமையாசிரியை, நான் மாட்டேன் என்றும் விடவில்லை. சின்னக் குழாயைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டேன். அது இல்லாமலே முடியும்: டெலஸ்கோப்பின் நிழல் தரையில் சுருங்கி வட்டமாகும்வரை திருப்பினால் சூரியன் சிக்கிவிடும். நிழலைப் பார்த்துச் சொன்னவள் பூமாரி. "போதும் மிஸ், நிறுத்துங்க."

மகளோடு வந்த வரலட்சுமி மாடிப்படி அருகே நின்றிருந்தார். ஃபில்டர் வழியாகப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியும் எனக்கு மனசு அடங்கவில்லை. பூமாரியிடம் இடது கண்ணை வை என்றேன். அவள் வலதைத்தான் வைத்தாள்.

"புள்ளி தெரியுது மிஸ்."

உன் கண்ணில் இருப்பதா என்று கேட்டேன்.

"என்னுது இப்ப ரொம்ப சின்னதாயிடுச்சி. கண்ணை ஆட்டுனா கூடவே வரும். இது சூரியன்ல அங்கியே கீது, நீங்க பாடத்துல சொன்ன சூரியப்புள்ளிதான். எம்மா, நீயும் வந்து பாரு."

வரலட்சுமி வந்து, ஃபில்டர் ஓரத்து டேப்பை விரலால் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தார். அப்புறம் குனிந்தார்.